அச்சுப்படங்களில் அறுவடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மரக்கட்டையிலோ, லினோலியம் என்ற தரைவிரிப்புப் பொருளிலோ, செம்புத் தகட்டிலோ செதுக்கி, மை தடவித் தாளில் ஒற்றியெடுத்த அறுவடைக் காட்சிகளை நான் பல வருடங்களாகத் தேடித் தேடிப் பார்த்து வருகிறேன். அவற்றைப் பற்றி நண்பர்களும் கலை படிக்கும் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. வங்காளத்துப் படங்களுக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன். அவை நெல் அறுவடைப் படங்கள். நமக்குக் கண் பழகிய வேலை. இன்னொரு காரணமும் உண்டு. எந்த அறுவடைப் படத்தைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது, அறுத்த கதிர் யார் களத்துக்குப் போகிறது என்பதைத்தான். அந்தக் கேள்வியை வங்காளத்துக் கலைஞர்கள் அளவுக்கு நேராக எதிர்கொண்டவர்கள் குறைவு.

அச்சுப்படம் என்றால் அச்சடித்த போஸ்டர்தானே?

இல்லை. போஸ்டர் என்பது ஏற்கெனவே இருக்கும் ஓர் ஓவியத்தின் நகல். அச்சுப்படத்துக்கு அப்படி ஒரு மூல ஓவியம் தனியாகக் கிடையாது. கலைஞர் பலகையில் செதுக்குகிறார், மை உருட்டுகிறார், தாளை வைத்து அழுத்துகிறார். தாளில் விழுவதுதான் மூலம். ஒரே பலகையிலிருந்து 20 தாள் எடுத்தால் இருபதும் மூலம்தான். படத்தின் கீழே பென்சிலால் 7/20 என்று எழுதியிருந்தால், இருபதில் இது ஏழாவது என்று பொருள்.

முறைகள் பல. மரச்செதுக்கிலும், லினோலியத்தில் செதுக்கும் லினோகட்டிலும் மேடாக நிற்கும் இடம் மை பிடிக்கும், செதுக்கிய பள்ளம் வெள்ளையாக விழும். செம்புத் தகட்டில் இது தலைகீழ்: கீறிய பள்ளத்துக்குள் மை தங்கி, அதுவே கோடாக வரும். எச்சிங் என்பதும் தகடுதான். அதில் பள்ளத்தை அமிலம் அரிக்கிறது. கல்லச்சில் பள்ளமும் இல்லை, மேடும் இல்லை. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பதை வைத்துக் கல்லின் மேல் நடக்கும் வேலை அது.

அறுவடையை எண்ணெய் வண்ணத்தில் தீட்டினால் போதாதா? அச்சு எதற்கு?

தீட்டினார்கள், நிறையவே தீட்டினார்கள். ஆனால் ஓவியம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். வாங்கக்கூடியவர் வீட்டுச் சுவரில் தொங்கும். அச்சுப்படம் ஊர் ஊராகப் போகும்.

அமெரிக்காவில் பொருளாதாரம் படுத்துக்கிடந்த 1934-ல் அசோசியேட்டட் அமெரிக்கன் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்ற நிறுவனம் தொடங்கியது. பெயர்பெற்ற ஓவியர்களிடம் கல்லச்சுப் படங்கள் செய்யச் சொல்லி, ஒன்று 5 டாலருக்குத் துணிக்கடை மாதிரியான பெரிய கடைகளிலும் தபாலிலும் விற்றது. ஒரு படத்துக்குப் பெரும்பாலும் 250 பிரதிகள். தாமஸ் ஹார்ட் பென்ட்டன் கோதுமை அறுப்பையும் கதிரடிப்பையும் அப்படித்தான் வரைந்தார். கிராண்ட் வுட் 1937-ல் செய்த விதைப்பும் அறுவடையும் பற்றிய படமும் அந்த வரிசையில் வந்ததுதான். புழுதிப் புயலிலும் கடனிலும் பண்ணைகள் போய்க்கொண்டிருந்த அதே வருடங்களில் இந்த நிறைந்த வயல்கள் நகரத்து வீடுகளுக்குள் நுழைந்தன. அந்தப் படங்களின் மினுமினுப்பில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. ஆனாலும் மாதச் சம்பளக்காரர் ஒருவர் 5 டாலருக்கு ஒரு கலைஞரின் கையெழுத்திட்ட படத்தை வீட்டுக்குக் கொண்டுபோக முடிந்தது என்பது பெரிய விஷயம்.

நம் பக்கத்தில் இதைவிட அழகான உதாரணம் இருக்கிறது. ரவீந்திரநாத் தாகூர் குழந்தைகளுக்காக எழுதி 1930-ல் வந்த வங்க மொழி அரிச்சுவடிக்கு ஓவியர் நந்தலால் போஸ் லினோகட் படங்கள் செய்து கொடுத்தார். எழுத்துப் பழகும் பிள்ளையின் கைக்கே அச்சுக்கலை போய்ச் சேர்ந்தது.

பழைய படங்களில் எதிலிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

பதினாறாம் நூற்றாண்டு நெதர்லாந்து ஓவியர் பீட்டர் புரூகெலின் 'கோடை'யிலிருந்து. 1568-ல் புரூகெல் பேனாவால் வரைந்தார். அந்த வரைபடம் இன்று ஹாம்பர்க் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைப் பார்த்துப் பீட்டர் வான் டெர் ஹைடன் செம்புத் தகட்டில் செதுக்க, ஆன்ட்வெர்ப் நகரத்து ஹியரோனிமஸ் கோக் 1570-ல் வெளியிட்டார். புரூகெல் அதற்கு முந்தைய வருடமே இறந்துவிட்டார். நான்கு பருவங்கள் வரிசையில் இளவேனிலும் கோடையும்தான் அவர் கையால் ஆனவை. மிச்ச இரண்டையும் ஹான்ஸ் போல் வரைந்து முடித்தார்.

படத்தின் முன்னால் ஓர் ஆள் உட்கார்ந்து, பெரிய ஜாடியைத் தூக்கித் தலையை அண்ணாந்து குடிக்கிறார். முகமே தெரியாது, ஜாடிதான் தெரியும். அவர் காலும் நீண்ட புல்லரிவாளும் படத்தின் கீழ்ச் சட்டத்தைத் தாண்டி, எழுத்துகள் இருக்க வேண்டிய இடத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. இன்னொருவர் தலையில் காய்கறிக் கூடை. கூடையே தலை என்று தோன்றும்படி அது முகத்தை மறைத்திருக்கிறது. கீழே லத்தீன் வரி, சுட்டெரிக்கும் கோடை வயல்களுக்கு விளைச்சலைக் கொண்டுவருகிறது என்று சொல்கிறது. ஆனால் படத்தில் கோடை என்பது அந்த ஆளின் தொண்டை வறட்சி. சித்திரை வெயிலில் களத்துமேட்டில் நின்று சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தவர்களுக்கு அந்தக் கழுத்தை விளக்க வேண்டியதில்லை.

கதிர் பொறுக்கும் மூன்று பெண்கள், அதுவும் அச்சுப்படமா?

1857-ல் பிரெஞ்சு ஓவியர் மில்லே தீட்டிய புகழ்பெற்ற எண்ணெய் ஓவியம் பாரிசின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்கு ஓரிரு வருடங்கள் முன்பே, 1855-56 வாக்கில், அதே காட்சியை அவர் சிறிய எச்சிங்காகச் செய்துவிட்டார். அறுவடை முடிந்த வயலில் சிந்திய கதிரை ஏழைப் பெண்கள் பொறுக்கிக்கொள்ளலாம் என்பது அங்கே நெடுநாள் வழக்கம். முன்னால் குனிந்த முதுகுகள், தூரத்தில் மலை மாதிரிக் கதிர்ப்போர். ஓவியத்தில் குதிரைமேல் ஒரு கண்காணியும் சின்னதாகத் தெரிவார்.

என் கண்ணுக்கு எச்சிங்தான் ஒட்டுகிறது. ஓவியத்தில் மாலை வெளிச்சம் எல்லாவற்றையும் பொன்னாக்கிவிடுகிறது. எச்சிங்கில் அந்தச் சலுகை கிடையாது. அறுத்த பயிர்த்தாளின் கூர்முனை ஒவ்வொன்றும் ஒரு கீறல். வெறுங்காலோடு தாளடியில் நடந்தவர்களுக்குப் பாதம் கூசும்.

வான்கோ அச்சுப்படங்களைப் பார்த்துத்தான் வரைந்தார் என்கிறார்களே?

உண்மைதான். மில்லேயின் வயல்வேலைப் படங்கள் பத்தை அட்ரியன் லாவியேய் மரத்தில் செதுக்க, 1853-ல் ஒரு பிரெஞ்சு வாரப் பத்திரிகையில் அவை வந்தன. அறுப்பவர், கட்டுக் கட்டும் பெண், கதிரடிப்பவர் என்று ஆளுக்கொரு வேலை. 1889-ல் செயின்ட் ரெமி மனநலக் காப்பகத்தில் இருந்த வான்கோ அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்களை எதிரே வைத்துக்கொண்டு நீலமும் மஞ்சளுமாகத் தீட்டினார். இது நகலெடுப்பதல்ல, வேறொரு மொழிக்கு, வண்ணங்களின் மொழிக்குப் பெயர்ப்பது என்ற கருத்தில் தம்பி தேயோவுக்குக் கடிதமும் எழுதினார்.

வங்காளத்தில் யாருடைய படங்களைப் பார்க்க வேண்டும்?

இரண்டு பேரை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்: ஹரேன் தாஸ், சோம்நாத் ஹோர். இருவரும் பிறந்தது ஒரே வருடம், 1921. இருவருமே கிழக்கு வங்காளத்துக்காரர்கள். ஹரேன் தாஸ் தினாஜ்பூர், ஹோர் சிட்டகாங். இருவரும் படித்தது கல்கத்தா அரசு ஓவியக் கல்லூரி. இருவர் கையிலும் இருந்தது ஒரே மாதிரி உளியும் மரக்கட்டையும்தான். ஆனால் படங்கள் இரண்டு வேறு உலகங்கள்.

ஹரேன் தாஸ் படங்கள் பெரும்பாலும் சிறியவை. கையில் எடுத்துக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்க வேண்டியவை. மாட்டுவண்டி, படகு, குளத்தங்கரை, வலை, நாற்று, கதிர், நெல் குத்தும் பெண்கள். குறுக்கே வெட்டிய கடினமான கட்டையில் ஊசி மாதிரி உளியால் கோடு போடும் மரப்பொறிப்பில் அவருக்கு இணை இந்தியாவில் மிகக் குறைவு. ஒரு கைப்பிடி வைக்கோலில் எத்தனை தாள் உண்டோ அத்தனையும் எண்ணிச் செதுக்கியதுபோல இருக்கும். நிழலுக்குள்ளும் வெளிச்சம் இருக்கும். பல கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒற்றி வண்ண மரச்செதுக்குகளும் செய்திருக்கிறார். 1993-ல் இறக்கும்வரை அவர் இந்தக் கிராமத்தை விட்டு வெளியே வரவே இல்லை என்று சொல்லலாம்.

சோம்நாத் ஹோரின் கிராமத்தில் நிலவும் குளமும் இல்லை. அங்கே கூட்டம் இருக்கிறது. கம்பு பிடித்த கைகள், முகத்தில் ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம், மிச்சம் கரிய இருட்டு. உளி போன தடம் மழுப்பாமல் அப்படியே தெரியும். அவரைப் புரிந்துகொள்ளத் தேபாகா என்ற சொல்லைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தேபாகா என்றால்?

மூன்று பங்கு என்று அர்த்தம். வங்காளத்தில் பங்கு வாரத்துக்குப் பயிரிட்ட குடியானவர் விளைந்ததில் பாதியை ஜோத்தேதார் எனப்பட்ட நிலக்காரருக்கு அளக்க வேண்டும். ஆளும் மாடும் உழைப்பும் குடியானவருடையவை. வாங்கிய கடனுக்கு நெல்லாகவே வட்டியும் போனால் களத்தில் மிஞ்சுவது பதர்தான். நிலக்காரருக்கு மூன்றில் ஒரு பங்கு, குடியானவருக்கு இரண்டு பங்கு என்பதுதான் 1946-ல் வங்காள கிசான் சபா என்ற விவசாயிகள் சங்கம் எடுத்த கோரிக்கை. புதிய கோரிக்கையும் அல்ல. 1940-லேயே அரசு அமைத்த நிலவரி ஆணையமே இதைப் பரிந்துரைத்திருந்தது.

போராட்டம் நடந்த விதம்தான் நமக்கு முக்கியம். அது ஊர்வலத்திலோ மேடையிலோ தொடங்கவில்லை, அறுவடையில் தொடங்கியது. வழக்கப்படி அறுத்த கதிர் நிலக்காரர் களத்துக்குப் போகும். அங்கேதான் அடிப்பு, தூற்றல், கண்டுமுதல், பங்கு எல்லாம். நெல் அவர் களத்தில் இறங்கிவிட்டால் அளக்கும் மரக்காலும் அவர் கையில், கணக்கும் அவர் கையில். ஆகவே குடியானவர்கள், 'நம் களத்திலேயே நெல்லை ஏற்றுவோம்' என்று முடிவெடுத்தார்கள். கம்பும் கொடியுமாகக் கூட்டமாகப் போய் அறுத்து, தங்கள் வாசலுக்கே சுமந்து வந்தார்கள். தலைச்சுமையாக ஒரு கட்டைத் தூக்கி இடப்பக்கம் திரும்பாமல் வலப்பக்கம் திரும்பி நடப்பதே கலகமாகிவிட்டது. தினாஜ்பூர், ரங்பூர் பகுதிகளில் இயக்கம் வலுவாக இருந்தது. 1947 பிப்ரவரியில் தினாஜ்பூரின் கான்பூர் கிராமத்தில் போலீஸ் சுட்டதில் 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

பங்குச் சண்டை நமக்கும் தெரிந்ததுதான். தஞ்சாவூர்ப் பண்ணையாட்களுக்கும் குத்தகைதாரர்களுக்கும் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1952-ல். அதற்குப் பின்னாலும் களத்துமேட்டுத் தகராறுகள்தான் இருந்தன.

சோம்நாத் ஹோர் அந்தப் போராட்டத்தை நேரில் பார்த்தாரா?

பார்த்தார். 1946 டிசம்பரில், அதாவது ஆமன் நெல் அறுவடைக் காலத்தில், கம்யூனிஸ்ட் கட்சி அவரை ரங்பூருக்கு அனுப்பியது. வயது 25. குடியானவர் வீடுகளில் தங்கி, தினமும் நாட்குறிப்பு எழுதி, பக்கத்திலேயே ஆட்களை வரைந்துகொண்டார். பின்னாளில் அந்தக் கோட்டுச் சித்திரங்களிலிருந்து மரச்செதுக்குகள் பிறந்தன. ஆக அந்தப் படங்கள் கதை கேட்டுச் செய்தவை அல்ல.

அறுவடைப் படங்களிலேயே எனக்கு மிக நெருக்கமானவை இவைதான், இத்தனைக்கும் இவற்றில் பலவற்றில் கதிரே இல்லை. ஆட்கள் வட்டமாக உட்கார்ந்து பேசுகிறார்கள், கேட்கிறார்கள். நாளை காலையில் யார் எந்த வயலில் இறங்குவது என்ற பேச்சு அது என்று தெரிந்தால், அதுவும் அறுவடையின் பாதிதான் என்று புரியும். அறுவடை என்றால் குனிந்து நிமிர்வது மட்டுமல்ல. கூலி பேசுவது, ஆள் சேர்ப்பது, களம் மெழுகுவது, பங்கு பிரிக்கும்போது கண் கொட்டாமல் நிற்பது எல்லாமே அறுவடைதான்.

ஹோர் பிறகு சாந்திநிகேதனின் கலாபவனத்தில் அச்சுக்கலைத் துறையைக் கட்டி எழுப்பினார். 1970-களில் மையே இல்லாமல், வெள்ளைக் காகிதக் கூழில் காயங்களை மட்டும் பதித்த ஒரு வரிசையும் செய்தார். 2006-ல் காலமானார்.

அப்படியானால் ஹரேன் தாஸ் உண்மையை மறைத்தவரா?

இந்தக் கேள்வி கோபமாகவே வரும். தினாஜ்பூரில் பிறந்தவர், தினாஜ்பூரிலேயே துப்பாக்கிச் சூடு நடந்தது, இவர் அமைதியாக மாட்டுவண்டி செதுக்கிக்கொண்டிருந்தாரே என்று. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. பிரிவினையில் தினாஜ்பூர் இரண்டாக வெட்டப்பட்டது. ஊரை இழந்த எத்தனையோ பேருக்கு அந்தச் சின்னச் சின்னப் படங்களில் ஊர் மிச்சமிருந்தது. வேலை செய்யும் உடம்பு எப்படி நிற்கும், சுமை ஏறிய கழுத்து எப்படி விறைக்கும் என்பதில் அவர் ஒரு கோட்டைக்கூடப் பொய்யாகப் போடவில்லை. அவர் படத்தில் இல்லாதது நிலக்காரர். அந்த இல்லாமையைக் கவனித்துக்கொண்டே பார்க்க வேண்டும் என்பேன். ஹோரின் படங்களைப் பார்த்துவிட்டு வந்து பார்த்தால், ஹரேன் தாஸின் அமைதியில் ஒரு ஏக்கம் கேட்கும்.

விளைச்சல் கெட்ட காட்சிகளை யாராவது செதுக்கியிருக்கிறார்களா?

ஆங்கிலக் கவிஞரும் ஓவியருமான வில்லியம் பிளேக் 1821-ல் ரோமானியக் கவி வெர்ஜிலின் முல்லைப்பாட்டுகளை ஒட்டிய ஒரு பள்ளிப் புத்தகத்துக்காக 17 சின்ன மரப்பொறிப்புகள் செய்தார். ஒன்றில் காற்று மரத்தை முறுக்கி, விளைந்த பயிரைத் தரையோடு சாய்த்திருக்கிறது. மூன்றரை சென்டிமீட்டர் உயரம்தான் இருக்கும். ஐப்பசி அடைமழையில் சாய்ந்த சம்பாவைப் பார்த்து வயிறு எரிந்தவர்கள் அதன் முன் ஒரு நிமிடமாவது நிற்பார்கள். அந்தக் கட்டைகளைப் புத்தகப் பக்கத்துக்குப் பொருந்தவில்லை என்று ஓரத்தை வெட்டிவிட்டார்கள் என்பது இன்னொரு வருத்தம்.

வங்காளக் கலைஞர் சித்தப்ரசாத் பார்த்தது வேறு. சாதிப் பெயர் வேண்டாம் என்று பட்டாச்சார்யாவை உதறிவிட்டுச் சித்தப்ரசாத் என்று மட்டும் கையெழுத்திட்டவர். 1943 நவம்பரில் பஞ்சம் பீடித்த மிதினாபூருக்குள் நடந்தே போய், எலும்பும் தோலுமான மனிதர்களை மையால் வரைந்து, எழுதி வெளியிட்டார். அந்த வெளியீட்டின் பிரதிகளைப் பிரிட்டிஷ் அரசு கைப்பற்றி எரித்தது. அந்தப் பஞ்சத்தில் 20 லட்சம் முதல் 30 லட்சம் பேர் வரை இறந்ததாகக் கணக்கிடுகிறார்கள். அதே வருடம் டிசம்பரில் ஆமன் நெல் நன்றாகவே விளைந்திருந்தது. ஆனால் மலேரியாவும் பலவீனமும் அதற்குப் பிறகும் ஆட்களைக் கொண்டுபோயின. பிற்காலத்தில் அவர் செய்த லினோகட்களில் உழவர்கள் வலுவான தோளோடு நிமிர்ந்து நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம், 1943-ஐ நினைக்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.

அரிவாள் இந்தப் படங்களில் ஆயுதமாகவும் வருகிறதா?

வருகிறது. கேத்தே கோல்விட்ஸ் என்ற ஜெர்மானியக் கலைஞர் 1902 முதல் 1908 வரை, 1525-ல் நடந்த விவசாயிகள் கிளர்ச்சியைப் பற்றி ஏழு தகட்டு அச்சுப்படங்கள் செய்தார். மூன்றாவது படம் 1905-ல் ஆனது. ஒரு பெண் நீண்ட புல்லரிவாளைச் சாணை பிடிக்கிறாள். முகம் அலகுக்கு அருகே சாய்ந்திருக்கிறது, கண் பாதி மூடியிருக்கிறது, கை அலகைத் தடவுகிறது. அறுவடைக்கு முந்தின நாள் எல்லா வீட்டிலும் நடக்கும் வேலைதான். அடுத்த படத்தில் நிலவறையில் ஆட்கள் ஆயுதம் எடுக்கிறார்கள். ஹோர் மனம் தோய்ந்து பார்த்த கலைஞர்களில் கோல்விட்ஸும் ஒருவர். 1930-களின் சீன மரச்செதுக்கு இயக்கமும் அவருக்கு நெருக்கம்.

கோதுமைப் படத்தையும் நெல் படத்தையும் எப்படிப் பிரித்தறிவது?

தலைப்பைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். கோதுமைக் கதிர் முற்றினாலும் பெரும்பாலும் நிமிர்ந்தே நிற்கும். அறுத்த கட்டுகளைக் கூம்பாகச் சாய்த்து வயலிலேயே நிறுத்தி உலர்த்துவார்கள்; ஐரோப்பியப் படங்களில் அந்தக் கூம்புகள் வரிசையாகக் குடிசைகள்போலத் தெரியும். நெல் முற்றினால் தலை சாயும். அந்தச் சாய்வுக்கு வளைந்த கோடு வேண்டும். உளியை நேராகத் தள்ளினால் கோதுமை வரும். மணிக்கட்டைக் கடைசியில் லேசாகத் திருப்பினால்தான் நெல் வரும். இதை நான் பலமுறை பலகையைக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன்.

ஆள் நிற்கும் விதமும் வேறு. நீண்ட கைப்பிடியுள்ள புல்லரிவாளை நின்றபடி வீசுவார்கள், உடம்பு இடுப்பில் சுழலும். கதிர் அரிவாளுக்கு ஆள் குனிய வேண்டும். இடக்கை பிடிக்க, வலக்கை இழுக்கும். வங்காளத்துப் படங்களில் முதுகுகள் அடிவானத்துக்குச் சமமாகக் கிடப்பது அதனால்தான்.

சில படங்களில் எல்லோரும் இடக்கையால் அறுக்கிறார்களே?

பலகையில் உள்ளது தாளில் இடவலம் மாறி விழும். வரைந்ததை அப்படியே செதுக்கினால் வலக்கைக்காரர் இடக்கைக்காரர் ஆகிவிடுவார். தெரிந்த கலைஞர்கள் முதலிலேயே திருப்பி வரைந்துகொள்வார்கள்.

வண்ணத்தில் அறுவடை அச்சுப்படங்கள் இல்லையா?

உண்டு. சிபில் ஆண்ட்ரூஸ் என்ற இங்கிலாந்துக்காரரைத் தேடிப் பாருங்கள். சஃபோக் மாவட்டத்தில் 1898-ல் பிறந்தார், முதல் உலகப் போரில் வெல்டிங் வேலை செய்தார், லண்டனில் குளோட் ஃபிளைட் நடத்திய லினோகட் வகுப்பில் சேர்ந்தார். ஒரு படத்துக்கு மூன்று நான்கு லினோ பலகைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். மெல்லிய ஜப்பானியத் தாளில் பின்பக்கம் தேய்த்துத் தேய்த்து எடுத்தார். 1936-ல் அவர் செய்த 'ஹேசெல்' என்பதன் பெயரே அந்தப் பகுதியில் புல் அறுவடைக் காலத்தைக் குறிக்கும் வட்டாரச் சொல். அவர் படங்களில் மனிதர்களுக்கு முகம் இருக்காது, வளைவு மட்டும் இருக்கும். ஒருவர் முதுகு வளைவு அடுத்தவர் தோளில் தொடரும். ஏற்றப்பாட்டு மாதிரி ஒரு தாளம் அதில் கேட்கிறது.

நேரில் எங்கே பார்க்கலாம்?

டெல்லியின் தேசிய நவீன ஓவியக் கூடத்தில் வங்காளக் கலைஞர்களின் அச்சுப்படங்கள் உண்டு. எப்போதும் சுவரில் இருக்கும் என்று சொல்ல முடியாது, முன்கூட்டியே விசாரித்துப் போங்கள். சென்னையில் கிரீம்ஸ் சாலையிலுள்ள லலித் கலா அகாடமி மையத்தில் அச்சுக்கலைப் பட்டறை இருக்கிறது. வேலை நடக்கும்போது போனால் மை வாசனையோடு பார்க்கலாம். புரூகெல், மில்லே படங்களை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் இணையத் தொகுப்பில் பெரிதாக்கிப் பார்க்க முடியும். திரையில் பார்க்கும்போது படத்தின் நிஜ அளவு என்ன என்பதைக் குறிப்பில் பார்த்துவிடுங்கள். பிளேக்கின் படம் மானிட்டர் முழுக்க விரிந்தால் அது வேறு படமாகிவிடும்.

நானே ஒன்று செய்து பார்க்க முடியுமா?

தாராளமாக. மரத்தில் தொடங்காதீர்கள், லினோவில் தொடங்குங்கள். உள்ளங்கை அளவு லினோ துண்டு, V வடிவ உளி ஒன்று, U வடிவ உளி ஒன்று, ரப்பர் உருளை, கறுப்பு மை, மெல்லிய தாள் போதும். அழுத்தும் இயந்திரம் வேண்டாம், தாளின் பின்பக்கம் மரக்கரண்டியால் வட்டமாகத் தேய்த்தால் வரும். லினோ விறைப்பாக இருந்தால் கொஞ்ச நேரம் வெயிலில் வையுங்கள், வெண்ணெய் மாதிரி அறுபடும். உளி பிடிக்காத கை எப்போதும் உளிக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். இதில் மட்டும் அலட்சியம் கூடாது.

முழு வயலையும் செதுக்க ஆசைப்படாதீர்கள். ஒரு அரி கதிர், ஒரு கை, ஒரு முறம் என்று ஏதாவது ஒன்று. முறத்தில் தூற்றும்போது பதர் பறக்கும் இடத்தை V உளியால் சின்னச் சின்னப் புள்ளியாகக் கிள்ளுங்கள். நெல் விழும் இடத்தைக் கறுப்பாகவே விட்டுவிடுங்கள். அரிவாள் பிடித்த கையைச் செதுக்குவதாக இருந்தால், உளியை எடுக்கும் முன்னே வரைந்த தாளை ஒருமுறை கண்ணாடியில் காட்டிப் பாருங்கள்.